எலிக்குச் சரியானால் மனுஷனுக்கும் சரியாகுமா?

தமிழில் பித்தத்துக்குக் கிடைத்த மரியாதை உடம்பின் வேறெந்தச் சுரப்புக்கும் கிடைத்ததில்லை. குதிகாலில் வெடித்தால் பித்தவெடிப்பு. சின்ன வயதில் முடி வெளுத்தால் பித்தநரை. காலையில் தலை சுற்றினால் பித்த மயக்கம். புத்தி கொஞ்சம் பிசகினால் பித்துப் பிடித்தவன். கோயமுத்தூர் பக்கம் எந்த வீட்டிலாவது போய் வாய் கசக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "பித்தம் கண்ணு, சுக்குத்தண்ணி வச்சுத் தர்றேன் குடி" என்று பாட்டியிடமிருந்து உடனே பதில் வரும்.

இவ்வளவு பேசும் ஊரில் எலியின் பித்தத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. எலிக்கும் பித்தம் உண்டா, இருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, ஈரல் கொழுப்பு என்று தினமும் வாசிக்கும் "ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பு" செய்திகளில் பெரும்பாலானவை எலியின் உடம்புக்குள் நடந்தவை. அந்த உடம்பில் ஓடும் பித்தநீர் நம்முடைய பித்தநீர் அல்ல. அதில் மனிதனிடம் இல்லாத ஓர் அமிலம் இருக்கிறது. அதன் பெயர் மியூரிகோலிக் அமிலம்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி செய்திகளை வேறு கண்ணோடு வாசிக்கலாம்.

பித்தநீர் என்ன வேலை செய்கிறது?

பள்ளிக்கூடப் பாடத்தில் வந்ததுதான். கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, பித்தப்பை சேர்த்து வைக்கிறது, சாப்பிட்டதும் குடலுக்குள் விடுகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்துக்குச் சோப்பு எப்படியோ அப்படித்தான் சாப்பாட்டுக் கொழுப்புக்குப் பித்தநீர். அந்தச் சோப்பு வேலையைச் செய்பவை பித்த அமிலங்கள். கொலஸ்ட்ராலை மூலப்பொருளாக வைத்துத்தான் கல்லீரல் அவற்றைத் தயாரிக்கிறது. உடம்பு இவற்றை வீணடிப்பதும் இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது. ஒரு நாளைக்குப் பல சுற்று இப்படி ஓடும்.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். 1999இல்தான் கதை மாறியது. பித்த அமிலங்கள் சோப்பு மட்டுமல்ல, செய்தி கொண்டுபோகும் தூதர்களும்கூட என்று அந்த ஆண்டு மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. கல்லீரல் செல்லுக்குள்ளும் குடல் செல்லுக்குள்ளும் எஃப்.எக்ஸ்.ஆர். என்று ஒரு புரதம் இருக்கிறது. இதை ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால் பித்த அமிலம்தான் சாவி. பூட்டு திறந்தால் "போதும், பித்தம் தயாரிப்பதைக் குறை" என்று கல்லீரலுக்குச் செய்தி போகும். அதோடு இரத்தத்தில் கொழுப்பு, சர்க்கரை, ஈரலில் சேரும் கொழுப்பு என்று பல கணக்குகள் இந்தப் பூட்டைப் பொறுத்து மாறும். இதனால்தான் மருந்து கம்பெனிகள் இதன்மேல் இவ்வளவு காசைப் போட்டன.

இப்போது எலிக்கு வருவோம்.

ஒரே சாவி, இரண்டு விதி

மனிதனின் கல்லீரல் நேரடியாகத் தயாரிக்கும் பித்த அமிலங்கள் இரண்டு. ஒன்று கோலிக் அமிலம், இன்னொன்று கீனோடியாக்சிகோலிக் அமிலம். இரண்டாவது பெயர் வாயில் நுழையாது, ஆனால் நம் உடம்பில் எஃப்.எக்ஸ்.ஆர். பூட்டை மிக நன்றாகத் திறக்கும் சாவி அதுதான்.

சுண்டெலியின் கல்லீரலும் அதே கீனோடியாக்சிகோலிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. ஆனால் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. மூலக்கூறின் ஆறாவது இடத்தில் ஓர் ஆக்சிஜனைக் கூடுதலாக ஒட்டி மியூரிகோலிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. 1950களின் பிற்பகுதியில் எலியின் பித்தநீரில் இதைப் பார்த்தவர்கள், எலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள். வெகுகாலம் இதை வெறும் விநோதமாகத்தான் வைத்திருந்தார்கள். எலி கொஞ்சம் வேறு மாதிரி சோப்பு செய்கிறது, அவ்வளவுதானே என்று.

அவ்வளவுதான் இல்லை என்பது 2013இல் தெரிந்தது. சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க்கில் இருந்த குழு ஒன்று, குடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளை ஆராய்ந்தது. அவற்றின் உடம்பில் டாரின் என்ற பொருளோடு இணைந்த பீட்டா மியூரிகோலிக் அமிலம் எக்கச்சக்கமாக இருந்தது. அது எஃப்.எக்ஸ்.ஆர். பூட்டைத் திறக்கவில்லை. மாறாக, பூட்டுக்குள் நுழைந்து அடைத்துக்கொண்டு மற்ற சாவிகளையும் உள்ளே விடாமல் செய்தது. சாதாரண சுண்டெலிகளில் குடல் பாக்டீரியா இந்த அமிலத்தைச் சிதைத்துக் குறைப்பதால்தான் பூட்டு ஓரளவு திறக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நம் உடம்பில் பூட்டைத் திறக்கும் சாவியை எடுத்து, அரத்தால் ராவி, அதே பூட்டை அடைக்கும் பொருளாக மாற்றி வைத்திருக்கிறது எலி! மூலப்பொருள் ஒன்று, விளைவு நேர் எதிர்.

இந்த ராவுகிற வேலையைச் செய்யும் நொதி எது என்பது 2016இல் தெரிந்தது. சிப் 2சி70 என்று பெயர். இந்தக் குடும்பத்தில் சுண்டெலிக்குப் பதினைந்து மரபணுக்கள், மனிதனுக்கு நான்குதான். நம்மிடம் இல்லாதவற்றில் இதுவும் ஒன்று.

வித்தியாசம் இதோடு முடிவதில்லை. சுண்டெலி தன் பித்த அமிலங்களை ஏறத்தாழ முழுக்க டாரினோடு இணைக்கும், மனிதன் பெரும்பாலும் கிளைசினோடு இணைப்பான். சுண்டெலியின் இரத்தத்தில் பெரும்பகுதி கொலஸ்ட்ரால் எச்.டி.எல். வடிவில் ஓடும், மனிதனிடம் எல்.டி.எல். அதிகம். வழக்கமான தீனி போட்டால் சுண்டெலிக்கு லேசில் இரத்தக்குழாய் அடைப்பு வராது. வரவழைக்க வேண்டுமென்றால் தீனியில் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் சேர்த்தால்கூடப் போதாது என்று, கூடவே அரை சதவீதம் கோலிக் அமிலத்தையும் கலந்து கொடுக்கும் பழக்கம் உண்டு. அதாவது எலியை மனிதனைப் போல நோயாளியாக்கவே அதன் பித்தத்தை முதலில் மாற்ற வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. தமிழில் சுண்டெலி, எலி, பெருச்சாளி என்று அழகாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறோம். செய்தியில் மட்டும் எல்லாமே "எலி"தான். ஆனால் ஆய்வகத்தில் சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, பெரிய எலிக்குப் பித்தப்பையே கிடையாது! இரண்டுமே மியூரிகோலிக் அமிலம் செய்பவை என்றாலும், "பித்தப்பைக் கல்லுக்கு எலிகளில் மருந்து" என்று யாராவது எழுதினால் எந்த எலி என்று முதலில் கேட்க வேண்டும் :-)

குக்குலு படித்துக்கொடுத்த பாடம்

இதெல்லாம் சுவீடன், அமெரிக்கா சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. இதே பூட்டை வைத்து நடந்த பெரிய கூத்து ஒன்று இந்திய மருந்தைப் பற்றியதுதான்.

ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட காட்டில் வளரும் ஒரு முள்மரத்தின் பிசின் குக்குலு. யோகராஜ குக்குலு மாத்திரையாக நம் ஊர் ஆயுர்வேதக் கடைகளிலும் கிடைக்கும். 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த சத்தியவதி என்பவர், கொழுப்பு நோயைப் பற்றிச் சுஸ்ருத சம்ஹிதை சொல்வதை வாசித்து, குக்குலு கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா என்று முயல்களில் சோதித்தார். 1966இல் வந்த அந்த ஆய்வேடுதான் நவீன காலத்தில் குக்குலுவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆரம்பம். பிறகு லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை மேற்கொண்டு வளர்த்தது. 1980களின் பிற்பகுதியில் குக்குலிப்பிட் என்ற பெயரில் கொழுப்பு குறைக்கும் மருந்தாகச் சந்தைக்கும் வந்தது. இந்தியாவில் நடந்த சில சோதனைகளில் நோயாளிகளுக்கும் கொழுப்பு குறைந்தது.

2002இல் உலகமே திரும்பிப் பார்த்தது. குக்குலுவில் உள்ள குக்குல்ஸ்டீரோன் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் குழு ஒன்று சயின்ஸ் இதழில் எழுதியது. அது எஃப்.எக்ஸ்.ஆர். பூட்டை அடைக்கிறதாம். கொலஸ்ட்ரால் தீனி தின்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஈரலில் கொலஸ்ட்ரால் குறைந்தது. அந்தப் பூட்டே இல்லாத சுண்டெலிகளில் குறையவில்லை. கச்சிதமான சோதனை. சுஸ்ருதர் சொன்னதை அமெரிக்காக்காரன் நிரூபித்துவிட்டான் என்று பெருமைப்படாதவர் குறைவு.

அடுத்த ஆண்டே, 2003இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் குழு மனிதர்களிடம் செய்த சோதனை வெளியானது. கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 103 பேர், எட்டு வாரம். சிலருக்குக் குக்குலிப்பிட், சிலருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 5 சதவீதம் குறைந்தது. குக்குலிப்பிட் சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் கூடியது! சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு.

இதற்கு மியூரிகோலிக் அமிலம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னால் அது தப்பு. சாப்பாடு, உடம்புவாகு, மருந்தின் தரம் என்று பலதும் சேர்ந்திருக்கலாம். குக்குல்ஸ்டீரோன் வேறு பல பூட்டுகளிலும் கை வைக்கும் பொருள். கவனிக்க வேண்டியது வேறு. தன் பித்தத்திலேயே பூட்டை அடைக்கும் பொருளைச் சுமந்து திரியும் ஒரு பிராணியில், பூட்டை அடைக்கும் மருந்தைச் சோதித்தார்கள். கிடைத்த விடை அந்தப் பிராணிக்குச் சரியான விடை. மனிதனுக்கு அது ஒரு கேள்வி மட்டும்தான். கேள்வியை விடை என்று நினைத்துக் கொண்டாடியதுதான் கோளாறு.

குழப்பம் அதோடு தீர்ந்துவிடவில்லை. 2015இல் இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்றில் குடலில் உள்ள எஃப்.எக்ஸ்.ஆர். பூட்டைத் திறக்கும் பொருளைக் கொடுத்தார்கள், குண்டுச் சுண்டெலிக்கு நன்மை. இன்னொன்றில் மியூரிகோலிக் அமிலத்தையே கொஞ்சம் மாற்றி, குடலில் சிதையாதபடி செய்து, அதே பூட்டை அடைத்தார்கள். அதிலும் நன்மை! திறந்தாலும் நல்லது, அடைத்தாலும் நல்லது என்றால், ஏதோ ஒரு மாத்திரையை மனிதன் வாயில் போடுவதற்கு முன்னால் நிறைய யோசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

அப்படியானால் எலி ஆராய்ச்சியே வீணா?

இல்லவே இல்லை. விலங்கு ஆராய்ச்சி எல்லாமே பொய், கம்பெனிக்காரர்கள் சதி என்று கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. பித்த அமிலத்துக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிக்கொடுத்ததே சுண்டெலிதான். வேறு பிராணியின் பித்தம் மனிதனுக்கு ஆகவே ஆகாது என்பதும் இல்லை. கரடிப் பித்தத்தில் அதிகம் உள்ள உர்சோடியாக்சிகோலிக் அமிலம்தான் இன்று ஈரல் நோய்க்கும் சில வகைப் பித்தப்பைக் கல்லுக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரை. கரடியைக் கொல்லாமல் ஆலையிலேயே தயாரிக்கிறார்கள். அது மனிதர்களிடம் முறையாகச் சோதித்து நிலைபெற்றது, அதனால் நம்பலாம்.

விஞ்ஞானிகளும் சும்மா இல்லை. சிப் 2சி70 மரபணுவை நீக்கி, மனிதனுக்கு இருப்பது போன்ற பித்தநீர் ஓடும் சுண்டெலிகளை உருவாக்கிவிட்டார்கள். இதில் ஒரு பாடமும் கிடைத்தது. அந்தச் சுண்டெலிகளுக்குக் கல்லீரலில் அழற்சி வந்தது, பெண் சுண்டெலிகளுக்கு இன்னும் மோசமாக. மனிதப் பித்தம் சுண்டெலிக்கு ஒத்துக்கொள்ளவில்லை! மியூரிகோலிக் அமிலம் தண்ணீரோடு நன்றாகச் சேரும் சாதுவான சோப்பு. மனிதனின் பித்த அமிலங்கள் அதைவிடக் காரமானவை. நம் ஈரல் அந்தக் காரத்துக்குப் பழகியது, எலியின் ஈரல் பழகவில்லை. ஒரு நொதி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

கோயமுத்தூருக்கு இதில் என்ன?

நிறைய. கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் பார்மசி கல்லூரிகளுக்கும் பயோடெக், பயோகெமிஸ்ட்ரி துறைகளுக்கும் குறைவில்லை. ஒவ்வொரு வருஷமும் அங்கே செய்யப்படும் புராஜெக்ட்டுகளில் ஒரு வகை எல்லோருக்கும் பழக்கமானது. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, மஞ்சள் என்று ஏதாவது ஒரு சாறு. விஸ்டார் ரக எலிகள் சில. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு அவற்றுக்குச் சர்க்கரை வரவழைப்பது. மூன்று நான்கு வாரம் சாறு கொடுப்பது. சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தது என்று வரைபடம். "இந்த மூலிகைக்குக் குறிப்பிடத்தக்க ஆற்றல் உண்டு" என்று முடிவுரை.

இந்த முடிவுரைக்கு முன்னால் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. முதல் வரி, அந்த ஊசி கணையத்தின் இன்சுலின் செல்களைக் கொன்று சர்க்கரையை வரவழைக்கிறது, நம் ஊரில் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை அப்படி வருவதில்லை. இரண்டாவது வரி, கொழுப்பு, குடல், ஈரல் சம்பந்தப்பட்ட எந்த விளைவும் மியூரிகோலிக் அமிலம் ஓடும் உடம்பில் கிடைத்தது, மனிதப் பித்தத்தில் அது இல்லை. இதை எழுதினால் புராஜெக்ட்டின் மதிப்பு குறையாது, கூடும். வைவாவில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு எத்தனை எலி என்று கேட்பதோடு, இந்தக் கேள்விக்கு எலி பதில் சொல்லுமா என்றும் கேட்கலாம். ஒரு உயிரைக் கொல்லும்போது அதனிடம் கேட்கும் கேள்வியாவது சரியாக இருக்க வேண்டாமா?

அடுத்தது செய்தி எழுதுகிறவர்கள். "மஞ்சள் ஈரல் கொழுப்பைக் கரைக்கிறது, ஆய்வில் தகவல்" என்று தலைப்பு. எட்டாவது பத்தியில் "எலிகளில்" என்று ஒரு சொல். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நியாயமான பெருமை. அந்தப் பெருமைக்கு எலியின் ஈரல் சாட்சி சொல்ல வேண்டிய அவசியமில்லை. "சுண்டெலிகளில்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுவதற்கு எத்தனை இடம் ஆகிவிடும்?

கடைசியாக, இதன் விலையைக் கொடுப்பவர்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அவர்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சோமனூர் தறியிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள். மாத்திரைக்கு மாதாமாதம் செலவு. அப்போது கைபேசியில் ஒரு செய்தி வருகிறது. ஒரு பொடி, ஒரு டப்பா, "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுகிறார்கள். பல மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது, அந்த ஆராய்ச்சி எந்தப் பிராணியிடம் நடந்தது என்று கேட்பார் யாரும் இல்லை. எலி சொன்ன பதிலை மனிதனுக்கு விற்றவர்கள் அதற்குள் அடுத்த டப்பாவுக்குப் போயிருப்பார்கள்.

நாட்டு மருந்து மேல் இருக்கும் மரியாதையை விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. குக்குலுவோ ஆவாரம்பூவோ, மரியாதை கொடுக்க ஒரே வழி அதை மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதிப்பதுதான். எலியில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டால் அந்த மூலிகைக்கும் அவமரியாதை, எலிக்கும் அவமரியாதை.

ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பிராணியிடம் பார்த்தார்கள்? கொழுப்பு, சர்க்கரை, ஈரல், குடல் சம்பந்தப்பட்டது என்றால் அதன் பித்தம் நம் பித்தம் போன்றதா? மனிதர்களிடம் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை மாத்திரை டப்பா இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நிறுத்துவதா மாற்றுவதா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பாட்டி வைத்துத் தரும் சுக்குத்தண்ணியைத் தாராளமாகக் குடிக்கலாம், எந்த எலியையும் சாட்சிக்குக் கூப்பிடாமல்தான் அவர் அதைத் தருகிறார்.